ஆஸ்துமா மருந்து: பயத்தைத் தப்பான இடத்தில் வைக்காதீர்கள்

"பஃப் எடுத்தால் பழகிவிடும், மாத்திரையே போதும்." வீசிங் உள்ளவர்கள் வீட்டில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. கணக்கைப் பாருங்கள். மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சால்பியூட்டமால் மருந்து இன்ஹேலரில் ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். அதே மருந்தின் 4 மி.கி. மாத்திரை 4,000 மைக்ரோகிராம், அதாவது நாற்பது பஃப். பஃப் நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது. மாத்திரையோ ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றுகிறது. கை நடுக்கமும் படபடப்பும் அதனால்தான் கூடுகின்றன.

இதைவிட ஆபத்தான தவறு, சால்பியூட்டமால் உள்ள நீல இன்ஹேலரை மட்டுமே நம்பி ஓட்டுவது. சால்பியூட்டமால் இறுகிய குழாயைத் தளர்த்தும். உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது. 200 பஃப் கொண்ட டப்பா வருஷத்துக்கு மூன்றோ அதற்கு மேலோ தீர்கிறதென்றால் நோய் கட்டுக்குள் இல்லை; கடும் மூச்சுத்திணறல் வரும் அபாயமும் கூடுகிறது. பெரியவர்களுக்கும் வளரிளம் பிள்ளைகளுக்கும் இதை மட்டும் கொடுக்கக் கூடாதென்று ஆஸ்துமாவுக்கான 'ஜினா' உலக வழிகாட்டுதல் 2019-லேயே சொல்லிவிட்டது.

வீக்கத்தைக் குறைப்பது ஸ்டீராய்டு இன்ஹேலர். பெயரைக் கேட்டதுமே பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். இவ்வகை மருந்தான பியூடசோனைடில் குறைந்த அளவு என்பது பெரியவர்களுக்கு நாளுக்கு 200 முதல் 400 மைக்ரோகிராம். அதைத் தவிர்த்துவிட்டு, இளைப்பு முற்றியதும் ஐந்து நாள் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை விழுங்கினால் ஒரு நாள் அளவே 40 மில்லிகிராம் வரை போகும். எலும்புத் தேய்வு, சர்க்கரை, கண்புரை எல்லாம் அப்படி அடிக்கடி விழுங்குவதில் வருபவை. இன்ஹேலரிலும் தொல்லை உண்டு: வாயில் வெள்ளைப் படலம், குரல் கம்முவது. ஸ்பேசர் (இன்ஹேலரில் பொருத்தும் குழல்) வைத்து எடுத்து, பிறகு வாய் கொப்பளித்துத் துப்பினால் பெரும்பாலும் வராது. (விழுங்காதீர்கள்.) பிள்ளைகளின் உயரம் சுமார் ஒரு சென்டிமீட்டர் குறையலாம், மூச்சுத்திணறி ஆஸ்பத்திரிக்கு ஓடுவதோடு ஒப்பிட்டால் இது சிறிய விலை.

மருந்து சரி, இழுப்பது தப்பு என்பதும் சகஜம். அழுத்தும் வகையைக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, அழுத்தியபடி மெதுவாக இழுத்துப் பத்து விநாடி அடக்க வேண்டும். ரோட்டாகேப் போன்ற பொடி வகைக்கு நேர்மாறு: வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். மாற்றி இழுத்தால் மருந்து தொண்டையோடு நின்றுவிடும்.

ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் மாண்டெலுகாஸ்ட் மாத்திரைக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020-இல் கடும் எச்சரிக்கை விதித்தது. தொடங்கிய பிறகு கெட்ட கனவு, எரிச்சல், தற்கொலை எண்ணம் தலைகாட்டினால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

கண் டாக்டரிடமும் ஆஸ்துமா இருப்பதைச் சொல்லுங்கள். கண் அழுத்தத்துக்கு ஊற்றும் டைமோலால் சொட்டு மருந்தே மூச்சுக்குழாயை இறுக்கிவிடும்.