சைலன்சர் வாடை மாறினால் எங்கிருந்து தேட ஆரம்பிப்பது

காரில் வழக்கமில்லாத வாடை அடித்தால், அது என்ன வாடை என்று யோசிப்பதற்கு முன் எங்கே அடிக்கிறது என்று பாருங்கள். பின்பக்கம் போய் நின்றால் மட்டும் தெரிகிறது என்றால் பொறுமையாகக் கண்டுபிடிக்கலாம். கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளேயே புகை வாடை வருகிறது என்றால் மற்றதெல்லாம் அப்புறம். புகையோடு கார்பன் மோனாக்சைடும் உள்ளே வரும், அதற்கு நிறமும் கிடையாது மணமும் கிடையாது. தலை வலிக்கும், குமட்டும், கண் சொருகும். எல்லாக் கண்ணாடியையும் இறக்கி, ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குங்கள். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் வந்து, சூடானதும் அது குறைந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (இன்ஜினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியேற்றும் குழாய்) பேக்கிங்கில் கசிவு இருக்க வாய்ப்பு அதிகம். டிக்கி ரப்பர் கிழிந்திருந்தாலும் புகை உள்ளே ஏறும், அதையும் தடவிப் பாருங்கள்.

அடுத்தது அழுகிய முட்டை வாடை. இதில்தான் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள். பெட்ரோலில் உள்ள கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடாக வெளியே வருவதுதான் இந்த வாடை. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற மாசு விதி வந்தபின் நம் பெட்ரோலில் கந்தகத்தின் அளவு 50 பிபிஎம்மில் இருந்து 10 பிபிஎம்முக்கு இறங்கிவிட்டது, ஆகவே வாடை நிற்காமல் வந்தால் பங்க்கை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இன்ஜினுக்குத் தேவைக்கு மேல் பெட்ரோல் போகிறது, அல்லது புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்டர் செத்துக்கொண்டிருக்கிறது. காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில், கன்வர்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 என்ற பிழைக் குறியீடு (கோடு) வந்தவுடன் 'கன்வர்டர் மாத்தணும் சார்' என்பார்கள். உடனே தலையாட்டாதீர்கள். கன்வர்டர் தானாகக் கெடுவது குறைவு, எரியாத பெட்ரோலோ ஆயிலோ உள்ளே போய் அதைக் கெடுக்கிறது. காரணத்தை விட்டுவிட்டுப் புதுசு போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

அதே முட்டை வாடை பானட்டைத் திறந்தால் அதிகமாகிறதா? அப்படியானால் அது எக்ஸாஸ்ட்டே இல்லை, அளவுக்கு மேல் சார்ஜ் ஆகும் பேட்டரியாக இருக்கலாம். இன்ஜின் ஓடும்போது மல்டிமீட்டரைப் பேட்டரியில் வையுங்கள், சுமார் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை சரி, 15ஐத் தாண்டினால் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ஆல்டர்னேட்டர் ரெகுலேட்டர் போய்விட்டது. பேட்டரி தொட முடியாத அளவு சூடாகவோ உப்பியோ இருந்தால் கிட்டேயே போகாமல் இன்ஜினை அணையுங்கள்.

எரியாத பெட்ரோலின் பச்சை வாடை, குளிர்ந்த இன்ஜினில் முதல் சில நிமிடம் லேசாக வருவது சகஜம். சூடான பின்னும் வந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரிக்கவில்லை. ஸ்கேனர் காட்டும் கோடு பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. முதல் சிலிண்டரின் இக்னிஷன் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டிப் பாருங்கள். கோடும் கூடவே மாறினால் காயில்தான் குற்றவாளி, மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர் என்று அடுத்தடுத்துப் போகலாம். பிளக் முனையில் காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், பெட்ரோலில் நனைந்திருந்தால் ஸ்பார்க் வரவில்லை. எலி கடித்த வயரையும் பார்த்துவிடுங்கள், வெளியில் நிறுத்தும் கார்களில் இது எவ்வளவு சாதாரணம் என்று எந்த மெக்கானிக்கும் சொல்வார்.

ஸ்கேனர் இல்லையென்றால் ஒரு மலிவான வழி, பொல்யூஷன் டெஸ்ட். சான்றிதழை வாங்கி டேஷ்போர்டுக்குள் திணிக்காமல் அதிலுள்ள எண்களைப் படியுங்கள். பிஎஸ்4, பிஎஸ்6 பெட்ரோல் கார்களுக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்தான் எல்லை. ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறினால் மிஸ்ஃபயர் (சிலிண்டர் சரியாக எரிக்காதது) பக்கம் தேடுங்கள், இரண்டுமே எகிறினால் பெட்ரோல் அதிகம் போகிறது, புகையில் ஆக்சிஜனை அளக்கும் ஓ2 சென்சாரைச் சந்தேகப்படலாம். செக் இன்ஜின் லைட் மினுக்கினால் மட்டும் இந்தப் பரிசோதனையெல்லாம் வேண்டாம், அப்போது ஓட்ட ஓட்டக் கன்வர்டர் வெந்துகொண்டிருக்கும்.

இனிப்பான வாடையோடு இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் கூலன்ட் எரிகிறது, ஹெட் கேஸ்கெட் வேலை, ஓட்டாமல் டோ செய்யுங்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். ஆயில் கருகும் வாடை வந்து புகை நீலமாக இல்லையென்றால், பெரும்பாலும் டேப்பட் கவர் பேக்கிங்கில் கசிந்த ஆயில் மேனிஃபோல்டு மேல் சொட்டுகிறது, சின்னச் செலவு. நீலப் புகையே வந்தால் வால்வ் சீல் அல்லது ரிங். பிளாஸ்டிக் கருகினால் முதலில் குனிந்து அடியில் பாருங்கள், ரோட்டில் கிடந்த கேரி பேக் சைலன்சரில் ஒட்டியிருக்கும்.

டீசல் காரில் திடீரென்று சூடான, கருகல் வாடை வந்து, ஐடிலிங் கொஞ்சம் ஏறி, ஃபேன் பலமாகச் சுற்றினால் பதறாதீர்கள், டிபிஎஃப் (டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) தன்னிடம் சேர்ந்த கரியை எரித்துக்கொண்டிருக்கலாம். வீடு வந்துவிட்டது என்று பாதியில் அணைக்காமல், எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியாத பட்சத்தில், நெரிசல் இல்லாத ரோட்டில் இன்னும் கால் மணி நேரம் ஓட்டுங்கள், அப்புறம் காய்ந்த சருகோ வைக்கோலோ கிடக்கும் இடத்தில் மட்டும் நிறுத்தாதீர்கள்.