பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவராகப் பொறுப்பேற்கும் பெற்றோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டி முதல் மூக்கையூர் வரையுள்ள கடற்கரை ஊர்களின் அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழுத் தலைவராகத் தேர்வாகும் தாய்மார்கள் பலர், தலைமையாசிரியர் காட்டும் இடத்தில் கையெழுத்திடுவதே தங்கள் வேலை என்று எண்ணிவிடுகிறார்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009 இதற்கு மாறானது. குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்த உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. பள்ளியின் செயல்பாட்டையும் மானியச் செலவையும் கண்காணிப்பதையும், பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதையும் குழுவின் கடமையாக்குகிறது.

பொறுப்பேற்றவுடன் தீர்மானப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, கடந்த ஓராண்டுத் தீர்மானங்களைப் படியுங்கள். எழுத்து வாசிக்கத் தயக்கமிருந்தால் ஆசிரியப் பிரதிநிதியைப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நிறைவேறாமல் நின்றவற்றைத் தனித்தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கூட்ட நேரம். பாசி எடுக்கும் பெண்களும் மீன் விற்கச் செல்லும் பெண்களும் காலையில் பள்ளிக்கு வர இயலாது. விசைப்படகு கடலுக்குப் போகும் நாளில் தகப்பன்மார் வரமாட்டார்கள். ஆகவே கூட்டத்துக்கென அரசு குறிப்பிடும் நாளிலேயே, உறுப்பினர்களுக்கு ஒத்துவரும் நேரத்தைத் தலைமையாசிரியருடன் பேசி முடிவு செய்யுங்கள். வாட்ஸ்அப் செய்தியோடு நிற்காமல், மீன் ஏலக் கூடத்திலும் ரேஷன் கடையிலும் நேரில் சொல்லிவிடுவது நல்லது.

கூட்டத்தில் பத்துக் குறைகளை அடுக்குவதைவிட ஒன்றிரண்டை எடுத்து முடிவு காண்பதே பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து. தீர்மானம் எழுதும் முறையிலேயே பாதி வேலை அடங்கியிருக்கிறது. “குடிநீர் வசதி குறித்துப் பேசப்பட்டது” என்று எழுதினால் எவரும் எதற்கும் பொறுப்பில்லை. “சத்துணவுக் கூடத்தை ஒட்டிய தொட்டியில் உவர்நீர் வருவதால், கூட்டுக் குடிநீர்த் திட்ட இணைப்புக் கோரி ஊராட்சியில் மனு அளிப்பது, மனுவைக் குழுவின் துணைத் தலைவர் கொண்டு செல்வது, அதன் நிலையை அடுத்த கூட்டத்தில் முதலில் கேட்பது” என்று எழுதினால், செய்ய வேண்டியது எது, செய்பவர் யார் என்பது தெளிவாகிவிடும். மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் தேதியும் வாங்கிப் பதிவேட்டில் ஒட்டிவிடுங்கள்.

மானியச் செலவைப் பார்க்கும்போது சந்தேகத் தொனி வேண்டியதில்லை. ரசீதைக் காட்டச் சொல்லி, வாங்கிய பொருளை நேரில் பார்த்துவிட்டு அதன் பிறகு கையெழுத்திடுங்கள்.

நம் கரையில் இவை அனைத்தையும்விட முக்கியமான பணி ஒன்று உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் புறப்படும் நாட்களும், கோடை விடுமுறைக்குப் பின் பள்ளி தொடங்கும் நாட்களும் ஏறக்குறைய ஒன்றாக வருகின்றன. எட்டாம் வகுப்பைத் தாண்டும் பையன்களுள் சிலர் அப்போதே படகுக்கும் ஐஸ் கம்பெனிக்கும் போகத் தொடங்குகிறார்கள். ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்போம் என்று விட்டால், கையில் கூலி பார்த்த பிள்ளையைத் திரும்ப அழைப்பது மிகவும் கடினம். எனவே ஜூன் மாதத்தில் வருகைப் பதிவேட்டை அன்றாடம் கேட்டு, தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு, அதே தெருவில் குடியிருக்கும் உறுப்பினர் ஒருவரோடு மாலையில் செல்லுங்கள். “ஏன் அனுப்பவில்லை?” என்று தொடங்காமல், “வீட்டில் என்ன சிரமம், அக்கா?” என்று கேளுங்கள். கடனோ நோயோ காரணமாக இருந்தால் மறுநாளே தலைமையாசிரியரிடம் தெரிவித்து, கல்வி உதவித்தொகை, விடுதி ஆகியவற்றுக்கு அந்தக் குடும்பத்துக்குத் தகுதி உண்டா என்று கேட்டு, விண்ணப்பத்தை உடனிருந்து நிரப்பிக் கொடுங்கள்.