மொட்டை மாடியிலிருந்து நிலாவின் வயதைப் படிப்பது எப்படி?

ஒரு பைனாகுலர் போதும், 10×50 (பத்து மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 50 மி.மீ. அகலம்) என்றால் நல்லது, இரவல் வாங்கினாலும் சரி. விதி ஒன்றுதான்: எது மேலே கிடக்கிறதோ அது பிந்தையது. நேற்றுப் போட்ட கோலத்தின் மேல் இன்றைக்குப் போட்ட இழை ஓடினால் எது புதுசு என்று தெரிந்துவிடும் அல்லவா, அதேதான்.

படி 1: பௌர்ணமி அன்று வெறும் கண்ணால் பாருங்கள். பளிச்சென்ற வெள்ளைப் பகுதிதான் மூத்தது. சுமார் 450 கோடி ஆண்டுகளுக்கு முன் செவ்வாய் அளவுள்ள ஒரு கோள் இளம் பூமியில் மோத, சிதறியது திரண்டு நிலா ஆனது என்பதுதான் இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். பிறந்த சூட்டில் அது உருகிய பாறைக் கடலாக இருந்தது. ஆற ஆறக் கனமான தாதுக்கள் அடியில் இறங்க, ஃபெல்ட்ஸ்பார் என்ற லேசான தாது பாலாடை மாதிரி மேலே மிதந்து இறுகியது. நாம் பார்க்கும் வெள்ளைப் பகுதி அந்தப் பாறைதான், பெயர் அனார்த்தோசைட். 1969இல் அப்போலோ 11 கொண்டுவந்த மண்ணில் கிடந்த பொடிப்பொடியான வெள்ளைத் துணுக்குகளை வைத்தே இவ்வளவையும் ஊகித்தார்கள் என்பதில் எனக்கு இன்னும் வியப்பு தீரவில்லை. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியிலும் இந்த வகைப் பாறை உண்டு, சந்திரயான் சோதனைகளுக்கு நிலா மண் மாதிரி செய்ய இஸ்ரோ பயன்படுத்தியது அதைத்தான்.

படி 2: இப்போது கருமை, பாட்டி வடை சுடுகிற இடம். பைனாகுலரில் பார்த்தால் பல இடங்களில் அதன் விளிம்பு வட்டமாக வளையும். பெரிய மோதல்கள் பறித்த பள்ளங்கள் அவை. உள்ளிருந்து கசிந்த எரிமலைக் குழம்பு அப்புறம்தான் வந்து நிரப்பியது, பெரும்பாலும் 390 முதல் 310 கோடி ஆண்டுகளுக்கு முன்.

படி 3: அடுத்த வளர்பிறை அஷ்டமிக்குக் காத்திருங்கள். பௌர்ணமியில் நிழல் விழாது, பள்ளமெல்லாம் தட்டையாகத் தெரியும். முழங்கையைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொண்டு, வெளிச்சமும் இருட்டும் சேருகிற கோட்டின் தெற்குப் பகுதியைப் பாருங்கள். ஒன்றின் விளிம்பை இன்னொன்று கடித்தபடி குழிகள் நெருக்கியடித்துக் கிடக்கும். கருமைப் பகுதியிலோ விரல்விட்டு எண்ணிவிடலாம். அது இளையது, அடி வாங்கிய காலமும் குறைவு.

படி 4: மறுபடி பௌர்ணமி. புத்தகப் படத்தில் டைக்கோ பள்ளம் கீழே இருக்கும், ஆனால் நம் ஊரில் நிலா எழும்போது வலப்பக்கம் தேடுங்கள். 85 கிலோமீட்டர் அகலம். அதிலிருந்து கிளம்பும் வெள்ளைக் கதிர்கள் மேடு, கருமை என்று பாராமல் எல்லாவற்றின் மேலும் ஓடுகின்றன. அதற்கு வயது சுமார் 11 கோடி ஆண்டுகள்தான், அப்போது பூமியில் டைனோசர்கள் நடமாடிக்கொண்டிருந்தன.