பளபளப்பை நம்பாதீர்கள்: ராஜா தலை வெள்ளி ரூபாயின் தரம் பார்ப்பது எப்படி

பாட்டியின் சுருக்குப்பையில் இருந்து ஐந்து ராஜா தலை ரூபாய் கிடைத்தது. எல்லாம் ஐந்தாம் ஜார்ஜ் காலத்துக் காசு, கருத்துப் போயிருந்தது. குத்துவிளக்கு துலக்குகிற மாதிரி நாலு காசை விபூதி போட்டு நன்றாகத் தேய்த்துவிட்டேன், ஒன்று மட்டும் கை போகாமல் தப்பித்தது. விலை கேட்கப் போன இடத்தில் காசு வியாபாரி அந்த நாலையும் விளக்கடியில் ஒரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார், தேய்க்காத கருப்புக் காசை மட்டும் கையில் எடுத்துக்கொண்டார். அவர் அப்படி என்னதான் பார்த்தார் என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

முதலில் சாமான்கள். 0.01 கிராம் வரை காட்டுகிற சின்ன டிஜிட்டல் தராசு, பத்து மடங்கு பெரிதாக்கும் லூப், ஒரு மேசை விளக்கு. விளக்கில் பழைய மஞ்சள் குண்டு பல்பு இருந்தால் ரொம்ப நல்லது. ட்யூப்லைட் வேண்டவே வேண்டாம், அதன் வெளிச்சம் பரவலாக விழுந்து எல்லாக் கீறலையும் மறைத்துவிடும். மொபைல் கேமராவையும் நம்ப வேண்டாம்.

அசலா என்று பார்ப்பது முதல் படி. 1835இல் இருந்து 1939 வரை வந்த ரூபாய்க்கு எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. புழங்கித் தேய்ந்த காசு கொஞ்சம் குறைவாக நிற்கும், அதில் தப்பில்லை. காந்தத்தில் ஒட்டவே கூடாது. எடை சரியாக இருந்தும் சந்தேகம் போகவில்லை என்றால், ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து எண்ணைச் சுழியமாக்கி, காசை மெல்லிய நூலில் கட்டி அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க அமிழ்த்துங்கள். நல்ல காசு என்றால் தராசு 1.13 கிராம் அளவில் காட்டும். 1.3 வந்தால் உள்ளே இருப்பது செம்பு கலந்த மட்டமான உலோகம். பிறகு மெல்ல ஒற்றி எடுங்கள், துடைக்கக் கூடாது.

இரண்டாவது, தேய்மானம். காசில் எந்த இடம் மேடோ அதுதான் முதலில் தேயும். ஜார்ஜ் காசில் காதுக்கு மேலே உள்ள முடி, மீசை, கிரீடத்தின் மணிகள், அங்கியில் தொங்கும் சின்ன யானை ஆகியவற்றைப் பாருங்கள். மேடுகளில் மட்டும் லேசாக மழுங்கி மற்றதெல்லாம் கூர்மையாக இருந்தால், காசு சேகரிப்பவர்கள் வைத்திருக்கும் தரப் பெயரில் அது எக்ஸ்ட்ரா ஃபைன். முடி இழைகள் சில இடங்களில் ஒன்றோடொன்று கலந்துவிட்டிருந்தால் வெரி ஃபைன். பாதி நுணுக்கம் போயிருந்தால் ஃபைன். அதற்குக் கீழே உள்ளதை வெள்ளி விலைக்குத்தான் கேட்பார்கள். (அந்த யானைக்கு ஒரு கதை உண்டு. 1911 காசில் தும்பிக்கை குட்டையாக அமைந்து பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பியது. 1912இல் யானையைத் திருத்தினார்கள், பழைய காசில் பெரும்பகுதியை உருக்கிவிட்டார்கள். அதனால் 1911 ரூபாய் கையில் வந்தால் அவசரப்பட்டு விற்காதீர்கள்.)

இப்போது நான் சறுக்கிய இடம். அச்சில் அடிபடும்போது வெள்ளி நடுவில் இருந்து விளிம்பை நோக்கி நகரும், அந்த நகர்வு கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகளைப் பரப்பில் விட்டுப்போகும். காசை விளிம்பில் பிடித்து, ஒற்றை விளக்கின் கீழ் மெதுவாகச் சாய்த்துச் சுழற்றுங்கள். நல்ல காசில் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி ஒளிக்கீற்றுகள் நடுவில் இருந்து கிளம்பிக் காசோடு சேர்ந்து ஓடும். இதைத்தான் லஸ்டர் என்கிறார்கள். தேய்த்த காசில் இந்த ஓட்டமே இருக்காது. எவர்சில்வர் டம்ளர் மாதிரி எல்லா இடமும் ஒரே பளபளப்பாக இருக்கும், எப்படிச் சாய்த்தாலும் ஒரே வெளிச்சம்தான். அப்புறம் லூப்பை எடுத்து, ராஜாவின் முகத்துக்கு முன்னால் இருக்கும் காலி இடத்தைப் பாருங்கள். ஒரே திசையிலோ வட்டமாகவோ ஓடும் மயிரிழைக் கீறல்கள் தெரிந்தால் யாரோ துணியோ பொடியோ போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். பைக்குள் தற்செயலாக விழுந்த கீறல் கன்னாபின்னாவென்று எல்லாத் திசையிலும் இருக்கும். என் நாலு காசிலும் என் விரல் போன வட்டம் அப்படியே தெரிகிறது. முடி, மீசை எல்லாம் எக்ஸ்ட்ரா ஃபைன் தரத்தில் இருந்தும் தேய்த்த காசு என்ற ஒரே காரணத்துக்காக விலை விழுந்துவிட்டது, அதைத் திரும்பக் கொண்டுவர வழியே கிடையாது. தயவுசெய்து விபூதி, புளி, பற்பசை எதையும் காசுப் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

கருப்பு ஒரு குறையே இல்லை. காற்றில் இருக்கும் கந்தகம் பட்டு வெள்ளி கருக்கிறது. இயல்பாகக் கருத்த காசில் எழுத்துகளின் ஓரத்திலும் பள்ளத்திலும் கருப்பு அடர்ந்தும் மேட்டில் வெளிறியும் இருக்கும், சிலதில் நீலமும் செம்மஞ்சளும் கலந்து அத்தனை அழகாக இருக்கும்.

பின்சேர்க்கை 1: 1944 காசைத் தண்ணீரில் விட்டால் 1.22 காட்டுகிறது, போலியா என்று ஒருவர் கேட்டிருந்தார். போலி இல்லை. 1940இல் இருந்து 1945 வரை வந்த ரூபாயில் பாதிதான் வெள்ளி, எடை மட்டும் அதே 11.66. அவருக்கு வந்தது சரியான எண்தான்.

பின்சேர்க்கை 2: இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். நம் ஊரில் நிறையக் காசு காசுமாலையில் இருந்து வந்தவை. விளிம்பைச் சுற்றி ஒரு முழுச் சுற்று லூப்பில் பாருங்கள், முக்கியமாகக் கிரீடத்துக்கு நேர் மேலே. அங்கே மட்டும் வரிப்பள்ளங்கள் மழுங்கி, நிறம் மாறி, லேசாகப் புடைத்திருந்தால் வளையம் பற்றவைத்து எடுத்த தடம். எடையும் கூடக் கொஞ்சம் அதிகம் காட்டலாம், பற்றாசு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும்.