விண்மீன் சிக்னல் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் சமூக மன்றத்தில் வானொலி வானியல் (விண்ணிலிருந்து வரும் வானொலி அலைகளை ஆராய்வது) பழக வந்த இருவர், சென்ற மாதம் திரையில் ஊசி போன்ற ஒரு கோட்டைக் காட்டி, "அண்ணே, இது வேற்றுலகத்துச் சிக்னலாக இருக்குமோ?" என்று கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு காலத்தில் நானும் அதே முகத்தோடுதான் நின்றேன். கேபிளைச் சரியாகச் செருகாதது போன்ற பிழைகள் தாமாகவே தெரிந்துவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

தொலைவைக் குறைத்து எண்ணுதல்

வாயேஜர் 1 விண்கலம் ஏறத்தாழ ஓர் ஒளிநாள் தொலைவிலிருந்து சுமார் 23 வாட் திறனில் அனுப்புவதைக் கேட்க, நாசா 70 மீட்டர் டிஷ்களைப் பயன்படுத்துகிறது. அதே கலம் 4.24 ஒளியாண்டு தொலைவிலுள்ள பிராக்சிமா செண்டாரி விண்மீனிலிருந்து அனுப்பினால், சிக்னல் இன்னும் 2.4 மில்லியன் மடங்கு மெலிந்துவிடும்.

டிஷ்ஷைத் திருப்பிப் பார்க்காமல் விடுதல்

சிங்கப்பூரின் ஈசூனில் பன்னிரண்டாம் மாடியிலுள்ள என் வீட்டில், 1420.4 மெகாஹெர்ட்ஸுக்கு அருகே இரவு ஒன்பது மணிக்கு ஒரு மெல்லிய கோடு தோன்றத் தொடங்கியது. விண்வெளி ஹைட்ரஜன் வாயு இந்த அலைவரிசையில் தருவது அகன்ற மேடு, இதுவோ ஊசி. சனி, ஞாயிறுகளில் அது வராதபோது, 21 சென்டிமீட்டர் நீளமுள்ள இந்த அலை மேகத்தைத் துளைத்து வரும் என்று தெரிந்திருந்தும், "மேகமூட்டம்" என்று குறிப்பேட்டில் எழுதினேன். அந்தச் சொல்லைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. இரைச்சல் குறைந்த ஆம்ப்ளிஃபயருக்கு 300 வெள்ளியும் செலவழித்தேன்.

பதினோரு வாரம் கழித்து நண்பர் ஒருவர், "தினமும் ஒன்பது மணிக்கேவா?" என்று மட்டும் கேட்டார். விண்மீன்கள் நாளுக்கு ஏறத்தாழ 4 நிமிடம் முன்னதாக உதிப்பதால், வானத்திலிருந்து வந்த சிக்னலானால் அதற்குள் ஐந்து மணி நேரம் முன்னேறியிருக்க வேண்டும். அன்றிரவு டிஷ்ஷைத் தரையை நோக்கிக் கவிழ்த்தேன், கோடு அசையவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, வார நாள்களில் நாடகம் பார்க்கத் தொலைக்காட்சியைப் போடும் நேரம் அது. அவர் அணைத்ததும் கோடு மறைந்தது.

இலக்கை நோக்கி 5 நிமிடம், விலக்கி 5 நிமிடம் என்று மூன்று முறை மாற்றிப் பாருங்கள். வேற்றுலகச் சிக்னல்களைத் தேடும் பிரேக்த்ரூ லிசன் திட்ட ஆய்வாளர்களின் முறையும் இதுதான். 2019இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் பிராக்சிமாவின் திசையில் பதிவான 982 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் முதலில் இந்தச் சோதனையையும் கடந்தது. அதுவும் மனிதக் கருவிகளின் குறுக்கீடே என்று 2021இல் முடிவானது.

பூமியின் சுழற்சியை மறத்தல்

நிலநடுக்கோட்டருகே இருக்கும் நமக்கு, அந்தச் சுழற்சியால், 1420 மெகாஹெர்ட்ஸில் விண்ணிலிருந்து வரும் சிக்னலின் அலைவரிசை நொடிக்கு 0.16 ஹெர்ட்ஸ் வரை நகரும். சிறிதும் நகராத கோடு பெரும்பாலும் உள்ளூர்க்காரன்தான்.

ஒருமுறை வந்ததை அறிவித்தல்

வேற்றுலகத்துச் சிக்னலோ என்று பேசப்பட்ட, 1977இல் பதிவான "வாவ்" சிக்னல் 72 நொடி நீடித்தது. அதை எவரும் மறுபடி கேட்கவில்லை.