1820 என்றால் 18ஆம் நூற்றாண்டு இல்லை

போன மாதம் பக்கத்து வீட்டுப் பாப்பா பள்ளிக் கண்காட்சிக்கு சார்ட் எழுதிக்கொண்டிருந்தாள். "18ஆம் நூற்றாண்டில் கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காபி கொண்டுவந்தார்" என்று பச்சை ஸ்கெட்ச்சில் பெரிதாக. காபி வந்தது 1820களில், அது 19ஆம் நூற்றாண்டு என்றேன். "மாமா, 18ல தானே ஆரம்பிக்குது?" என்று கேட்டாள். ஏற்காட்டைப் பற்றி எழுதுகிற பெரியவர்களும் இதே தவறைச் செய்வதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நம்ம ஊர் மாம்பழக் கூடையை வைத்தே சொல்லிக் கொடுத்தேன். கூடைக்கு நூறு பழம் என்றால் முதல் கூடை 1இல் தொடங்கி 100ஆவது பழத்தோடுதான் நிரம்பும், 101ஆவது பழம் இரண்டாம் கூடைக்குப் போய்விடும். நெல் அளக்கிறவர்கள்கூட முதல் மரக்காலை 'லாபம்' என்று எண்ணித்தான் தொடங்குவார்கள், பூஜ்யம் என்று யாரும் அளப்பதில்லை. ஆண்டுக் கணக்கும் அப்படித்தான், கி.மு. 1க்கு அடுத்து நேராக கி.பி. 1. அதனால் சேலம் கிழக்கிந்தியக் கம்பெனியார் கைக்குப் போன 1792 என்பது 18ஆம் நூற்றாண்டு, சேலம் நகராட்சியான 1866 என்பது 19ஆம் நூற்றாண்டு.

சரி, முதல் இரண்டு எண்ணோடு ஒன்று கூட்டினால் போதுமா? இங்கேதான் அடுத்த தவறு. 1900க்கு அப்படிக் கூட்டினால் 20 வரும், ஆனால் 1900 என்பது 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பழம். ஆண்டிலிருந்து முதலில் ஒன்றைக் கழித்துவிடுங்கள்: 1899. அப்புறம் 18ஓடு ஒன்று கூட்டினால் 19. 2000ஐயும் இப்படிப் போட்டுப் பாருங்கள், 20தான் வரும். அந்த ஜனவரி 1 அன்று புது நூற்றாண்டு பிறந்ததாக ஊரே கேக் வெட்டியது, உண்மையில் 21ஆம் நூற்றாண்டு பிறந்தது 2001 ஜனவரி 1இல்.

கி.மு.வில் கணக்கு தலைகீழ். கி.மு. 3ஆம் நூற்றாண்டு 300இல் தொடங்கி 201இல் முடியும். கி.மு. 50இலிருந்து கி.பி. 50 வரை எத்தனை ஆண்டு என்று கேட்டால் உடனே நூறு என்று சொல்லிவிடாதீர்கள், நடுவில் பூஜ்ய ஆண்டு இல்லாததால் 99தான்.

நூற்றாண்டு விழாவை மட்டும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது தொடங்கிய நாளிலிருந்து எண்ணுவது. 1866இல் வந்த நகராட்சிக்கு 1965இல் 99 வயது நிறைந்து நூறாவது ஆண்டு தொடங்கியது, நூறு நிறைந்தது 1966இல். அழைப்பிதழ் அடிக்கும்போது 'தொடக்கம்' என்றோ 'நிறைவு' என்றோ ஒரு சொல் சேர்த்துவிடுங்கள்.