இணையதளத்தைப் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்த்துக்கொண்டே, விடுமுறை நாட்களில் தமிழுக்கான கட்டற்ற மென்பொருள்களை உருவாக்கும் நண்பர்கள், தங்கள் திட்டத்தின் இணையதளத்தைப் புதிதாக வடிவமைக்கையில், அதைப் பெரும்பாலும் தங்கள் புதிய மடிக்கணினியில் மட்டுமே திறந்து பார்க்கிறார்கள். அதே தளத்துக்கு வருபவர் விண்டோஸ் 7 கணினி வைத்திருக்கும் ஆசிரியராகவோ, என்விடிஏ திரைவாசிப்பானின் குரலைக் கேட்டுப் படிக்கும் பார்வையற்ற மாணவராகவோ இருக்கலாம். விண்டோஸ் 7இல் இயங்கும் கடைசிக் குரோம் உலாவிப் பதிப்பு, 2023 ஜனவரியில் வந்த 109தான்.

முழுப் பக்கத்தையும், உலாவியில் இயங்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு உருவாக்குவதே எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ்ஸில் தனக்குத் தெரியாத வரி வந்தால் உலாவி அதை மட்டும் விட்டுவிட்டு மேலே செல்லும். ஜாவாஸ்கிரிப்டிலோ, புரியாத இலக்கணம் ஓரிடத்தில் இருந்தாலும் அந்தக் கோப்பு முழுவதும் இயங்காமல் போய், படிக்க வந்தவருக்கு வெற்றுத் திரையே மிஞ்சும். பேபல் போன்ற கருவியால் நிரலைப் பழைய நடைக்கு மாற்றலாம் என்றாலும், இணைப்பு பலவீனமாகி அந்தக் கோப்பே வந்து சேராதபோது அதனால் பயனில்லை. ஆகவே பதிவிறக்க இணைப்பு, நிறுவும் முறை, பதிப்புக் குறிப்புகள் ஆகியவை வழங்கியிலிருந்தே (சர்வர்) எளிய எச்டிஎம்எல்லாக, அதாவது பக்கத்தின் அடிப்படைக் குறிமொழியிலேயே, வரட்டும். தேடல் போன்ற வசதிகளை அதன் மேல் சேர்த்துக்கொள்ளலாம்.

உலாவி தானாகத் தருவதை அழகுக்காகப் பறிப்பது அடுத்த தவறு. பொத்தானுக்கென்றே உள்ள குறிச்சொல்லைப் பயன்படுத்தினால் விசைப்பலகையால் அதை அடையவும் அழுத்தவும் முடியும். திரைவாசிப்பானும் அதைப் பொத்தான் என்றே அறிவிக்கும். வெறும் பெட்டியைப் பொத்தான்போல அலங்கரித்தால் இவை மூன்றையும் நாமே எழுத வேண்டும். எந்த இணைப்பில் நிற்கிறோம் என்று காட்டும் வெளிக்கோட்டை நீக்குவது, சுட்டியைப் பிடிக்க முடியாதவரைத் திசை தெரியாமல் நிறுத்துகிறது.

நம்மவர் தளங்களில் மிகுதியாகக் காணும் பிழை, பக்கம் எந்த மொழியில் உள்ளது என்று உலாவிக்குச் சொல்லும் மொழிக்குறியில் உள்ளது. ஆங்கில வார்ப்புருவை எடுத்துத் தமிழில் நிரப்பிவிட்டு, ஆங்கிலக் குறியை மாற்றாமல் விட்டுவிடுகிறோம். அப்போது தமிழ்க் குரல் நிறுவியிருந்தாலும், திரைவாசிப்பான் அந்தப் பக்கத்தை ஆங்கிலக் குரலில் வாசிக்க முயலக்கூடும்.

சாம்பல் பின்னணியில் வெளிர் எழுத்து வேண்டாம். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு தேவை என்கிறது, இணைய அணுகல்தன்மைக்கான வழிகாட்டி நெறிகளான டபிள்யூசிஏஜி. தானியங்கிச் சோதனை முழு மதிப்பெண் தந்தாலும் அதோடு நின்றுவிடாமல், சுட்டியை ஒதுக்கிவிட்டு, முகப்பிலிருந்து பதிவிறக்கம் வரை டேப், எண்டர் விசைகளால் மட்டும் சென்று பாருங்கள். பழைய முகவரிகளைப் புதிய பக்கங்களுக்குத் திருப்பிவிடவும் மறக்க வேண்டாம்.